கார் கதவைத் திறந்து சைக்கிள்காரரை வீழ்த்தினால் யாருக்கு அபராதம்? சட்டம் இருக்கிறது, கணக்கு இல்லை

2024 ஏப்ரல் 8. பெங்களூரு கே.ஆர்.புரத்தில் மக்களவைத் தேர்தல் பிரசாரம். பெங்களூரு வடக்கு பாஜக வேட்பாளரும் அப்போதைய ஒன்றிய இணை அமைச்சருமான ஷோபா கரந்தலாஜேவின் பிரசாரத்துக்கு வந்த கார் ஒன்று சாலையில் நின்றிருந்தது. திடீரென அதன் கதவு திறந்தது. பின்னால் டூவீலரில் வந்த கட்சித் தொண்டர் கதவில் மோதிக் கீழே விழுந்தார். அடுத்த நொடி, பின்னால் வந்த தனியார் பஸ் அவர் மீது ஏறியது. அவர் உயிர் பிழைக்கவில்லை. தான் அப்போது முன்னால் போய்விட்டதாக வேட்பாளர் விளக்கம் தந்தார். கார் டிரைவர், பஸ் டிரைவர் இருவர் மீதும் போலீஸ் வழக்குப் பதிந்தது.

இப்போது அதே காட்சியில் பஸ்ஸை மட்டும் எடுத்துவிடுங்கள். அதே கதவு, அதே நொடி, அதே கவனக்குறைவு. விழுந்தவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொள்வார். கார்க்காரர் "சாரி பாஸ், பாக்கல" என்பார். சுற்றி நாலு பேர் கூடுவார்கள், கலைவார்கள். வழக்கு இல்லை, சலான் இல்லை, எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி இல்லை.

கதவைத் திறந்தவர் செய்த தவறு இரண்டு காட்சியிலும் ஒன்றுதான். பின்னால் என்ன வண்டி வந்தது என்பதுதான் அவருக்கு என்ன நடக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. சட்டத்தில் இடமில்லாததால் இப்படி ஆகவில்லை. சட்டத்தின் சின்ன முனையை யாரும் கையில் எடுப்பதில்லை.

'டோரிங்' என்றால் என்ன?

நிற்கும் வண்டியின் கதவை, பின்னால் வருபவரைப் பார்க்காமல் திறப்பதால் நடக்கும் விபத்துக்கு ஆங்கிலம் பேசும் நாடுகளில் 'டோரிங்' என்று பெயர். தமிழில் இதற்குத் தனிச்சொல் இல்லை. நம் எஃப்.ஐ.ஆர்.களிலும் இல்லை.

"பின்னாடி வர்றவங்க பாத்து வரக்கூடாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு எளிய கணக்கு. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் மிதிப்பவர் ஒரு நொடியில் 5 மீட்டர் கடக்கிறார். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்கவே சுமார் ஒரு நொடி ஆகும். ஆக, 5 மீட்டருக்குள் கதவு திறந்தால் அவர் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே மோதிவிடுவார். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக்குக்கு இந்தத் தூரம் 11 மீட்டர். மோதாமல் வலப்பக்கம் ஒடித்தால் இன்னும் மோசம். அங்கேதான் பஸ் வருகிறது.

நம் ஊரில் கார் இரண்டு பக்கமும் ஆபத்து. இடப்பக்கப் போக்குவரத்து என்பதால் டிரைவரின் கதவு, அதாவது வலக்கதவு, ஓடும் சாலையைப் பார்த்துத் திறக்கும். இதை எல்லோரும் யோசிப்பார்கள். ஆனால் கேப்பில் வரும் நாம் எங்கே இறங்குகிறோம்? சிக்னலில், டிராஃபிக்கில், சாலையின் இரண்டாவது லேனில் வண்டி நிற்கும்போதே "இங்கயே விட்டுடுங்கண்ணா" என்று இடக்கதவைத் திறக்கிறோம். காருக்கும் நடைபாதைக்கும் இடையிலான அந்த ஒல்லியான சந்தில்தான் சைக்கிள்காரரும் டெலிவரி பைக்கும் வருவார்கள்.

சைக்கிளுக்கு என்று போட்ட பாதைகளும் பெரிதாகக் காப்பாற்றவில்லை. 2020-ல் பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில் சில்க் போர்டு பக்கம் தொடங்கி தற்காலிகக் கம்பங்கள் நட்டு சைக்கிள் தடம் அமைத்தார்கள். கம்பங்கள் நாளடைவில் காணாமல் போயின, மெட்ரோ வேலையும் வந்தது. தடுப்பு இல்லாத சைக்கிள் தடம் நடைமுறையில் இலவச பார்க்கிங்தான். பார்க் செய்த கார் வரிசையை ஒட்டியே சைக்கிள் போக வேண்டும் என்றால், கதவு திறக்கும் பகுதிக்குள்ளேயே தடம் போட்டுக் கொடுத்த மாதிரி.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ல் கதவைத் திறப்பதற்கென்று தனிப் பிரிவு கிடையாது. ஆனால் பொருத்தக்கூடிய பிரிவுகள் பல இருக்கின்றன. கீழிருந்து மேலாகப் பார்ப்போம்.

முதல் படி, சட்டத்தின் 118-வது பிரிவின் கீழ் ஒன்றிய அரசு கொண்டுவந்த வாகனம் ஓட்டும் விதிமுறைகள், 2017. பாதசாரிகள், சைக்கிள்காரர்கள், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் ஓட்டுநர் தனிக்கவனம் எடுக்க வேண்டும் என்கிறது இது. வண்டி ஓடும்போது மட்டுமல்ல, நிறுத்தியிருக்கும்போதும் மற்றவர்களுக்குத் தேவையற்ற இடையூறு தரக்கூடாது என்றும் சொல்கிறது. மீறினால் 177ஏ பிரிவின்படி அபராதம் 500 ரூபாய் முதல் 1,000 ரூபாய் வரை.

அடுத்தது 122-வது பிரிவு. பொது இடத்தில் பிறருக்கு ஆபத்தோ இடையூறோ வரும் நிலையில் வண்டியை நிறுத்தி வைப்பது குற்றம். நடுச்சாலையில் நிறுத்தி ஆள் இறக்கும் கேப் இதற்குள் வரும். பொது அபராதப் பிரிவான 177-ன்படி முதல் முறை 500 ரூபாய் வரை, மறுபடி செய்தால் 1,500 ரூபாய் வரை.

இங்கே ஒரு வார்த்தைச் சிக்கல் இருக்கிறது. ஆபத்தாக ஓட்டுவதற்கான 184-வது பிரிவில் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ சிறையோ உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவும் பொதுச் சாலையில் கண்மூடித்தனமாக ஓட்டுவதைப் பற்றியதுதான். இரண்டிலும் முக்கியச் சொல் 'ஓட்டுவது'. எஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, இறங்கப் போகிறவர் ஓட்டுகிறாரா? வாகன விபத்து என்றதும் போலீஸ் கை பழக்கமாகப் போகும் பிரிவுகள் இவை. ஆனால் நின்ற காரின் கதவு விஷயத்தில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு முதல் வாதத்தை நாமே எடுத்துக் கொடுக்கும் பிரிவுகளும் இவைதான்.

அந்தச் சிக்கல் இல்லாத பிரிவுகள் அதே சன்ஹிதாவில் இருக்கின்றன. 285-வது பிரிவு, பொதுவழியில் எந்தச் செயலாலும் ஒருவருக்கு ஆபத்து, தடை அல்லது காயம் ஏற்படுத்துவது பற்றியது. அபராதம் 5,000 ரூபாய் வரை. செய்தவர் டிரைவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பின்சீட்டில் போன் பார்த்தபடி கதவைத் திறந்தவரும் இதில் வரலாம். 125-வது பிரிவு, உயிருக்கு ஆபத்து தரும் கவனக்குறைவுக்கு: காயம் ஏற்படாவிட்டாலும் 3 மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம். காயம் என்றால் 6 மாதம் அல்லது 5,000 ரூபாய். எலும்பு முறிவு, பல் உடைவது போன்ற கொடுங்காயம் என்றால் 3 ஆண்டு அல்லது 10,000 ரூபாய். இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம்.

உயிர் போனால் 106(1). 5 ஆண்டு வரை சிறை. கே.ஆர்.புரம் சம்பவம் நடந்தபோது அமலில் இருந்த பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் இது 2 ஆண்டாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம்.

இப்படி 500 ரூபாயில் தொடங்கி 5 ஆண்டு வரை ஏணி இருக்கிறது. நடைமுறையில் உச்சிப் படி மட்டும்தான் பயன்படுகிறது. அதற்கு ஒரு உடல் தேவைப்படுகிறது.

திறந்தது பயணி என்றால்?

பிரிட்டனில் இதற்கு ஒரே வரியில் பதில் வைத்திருக்கிறார்கள். அங்கே 1986-ம் ஆண்டு வாகன விதிகளின் 105-வது விதி: யாருக்கும் காயமோ ஆபத்தோ வரும்படி வாகனக் கதவை யாரும் திறக்கக்கூடாது, திறக்கச் செய்யக்கூடாது, திறக்க அனுமதிக்கவும் கூடாது. இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியது. காயம் ஆக வேண்டியதில்லை, ஆபத்து வந்தாலே போதும். அடுத்து, 'அனுமதிப்பது' என்ற சொல் டிரைவரையும் பிடிக்கிறது.

2016 ஜூலையில் லெஸ்டர் ரயில் நிலையத்துக்கு வெளியே நின்ற டாக்ஸியில் பயணி ஒருவர் கதவைத் திறந்தார். சைக்கிளில் வந்த இளம் ஆசிரியர் மோதி விழ, பின்னால் வந்த வேன் அவர் மீது ஏறியது. அன்று அவருக்கு 26-வது பிறந்தநாள். கிட்டத்தட்ட கே.ஆர்.புரத்தின் அதே காட்சி. கதவைத் திறந்த பயணி, திறக்க விட்ட டாக்ஸி டிரைவர் இருவருமே தண்டிக்கப்பட்டார்கள். பயணிக்கு அபராதம் 80 பவுண்டு. டிரைவருக்கு 300 பவுண்டு, வழக்குச் செலவு தனி.

ஆமாம், 80 பவுண்டு. அந்த விதியில் அதிகபட்சமே 1,000 பவுண்டு அபராதம்தான், சிறை கிடையாது. பிரிட்டனில் பொறுப்பு யாருக்கு என்பது தெளிவு, தண்டனைதான் எலும்பும் தோலுமாக இருக்கிறது. நமக்கு நேர்மாறு. தண்டனை 5 ஆண்டு வரை போகிறது, யாரைப் பொறுப்பாக்குவது என்பதில்தான் குழப்பம்.

இந்தச் சிந்தனை பிரிட்டனுடையது மட்டுமல்ல. சாலைப் போக்குவரத்துக்கான 1968 வியன்னா ஒப்பந்தத்தின் 24-வது பிரிவே பிற சாலைப் பயனாளர்களுக்கு ஆபத்து இல்லை என்று உறுதி செய்யாமல் கதவைத் திறப்பதையும், திறந்து வைப்பதையும், இறங்குவதையும் தடை செய்ய வேண்டும் என்கிறது.

கணக்கில் வராத விபத்து

டேட்டாவோடு வேலை செய்பவள் என்ற முறையில் எனக்கு உறுத்துவது இந்தப் பகுதிதான். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் 'இந்தியாவில் சாலை விபத்துகள்' அறிக்கையின் 2022 பதிப்பை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு 4,61,312 விபத்துகள், 1,68,491 மரணங்கள். இறந்தவர்களில் 44.5 சதவீதம் டூவீலரில் போனவர்கள்.

விதிமீறல் வாரியான அட்டவணையில் அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டுவது, தவறான திசை, சிவப்பு சிக்னலைத் தாண்டுவது, மொபைல், பிற. அவ்வளவுதான். மரணங்களில் 71.2 சதவீதத்தை 'அதிவேகம்' ஒன்றே எடுத்துக்கொள்கிறது. மோதல் வகை அட்டவணையில் பின்னாலிருந்து மோதல், நேருக்கு நேர், பக்கவாட்டு மோதல், நிறுத்திய வாகனத்தில் மோதல் என்று போகும். கதவில் மோதி விழுந்தவர் இதில் எங்கே போவார்? நிறுத்திய வாகனத்தில் மோதலா? பக்கவாட்டு மோதலா? பஸ் ஏறியிருந்தால் பஸ் மோதிய விபத்தா? எழுதும் காவலரின் கையைப் பொறுத்தது. நிறுத்திய வாகனத்தில் மோதியது என்று எழுதினால், படிப்பவர் கண்ணுக்கு மோதியவர்தான் குற்றவாளியாகத் தெரிவார்.

இந்த ஓட்டை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஓடும் மோட்டார் வாகனம் சம்பந்தப்பட்டால்தான் அது விபத்துப் புள்ளிவிவரத்தில் ஏறும் என்ற விதி இருந்தது. நின்ற காரின் கதவில் மோதியவர்கள் எண்ணப்படவே இல்லை. சைக்கிள் அமைப்புகளும் செய்தியாளர்களும் விடாமல் கேட்டதில் 2011-ல் அந்த மாநிலம் டோரிங்கைத் தனியாக எண்ணத் தொடங்கியது. அதே மாநிலத்தின் சிகாகோ நகரம் 2013-ல் அபராதத்தை 500 டாலரிலிருந்து 1,000 டாலராக ஏற்றியது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் எண்ணினார்கள், பிறகு ஏற்றினார்கள்.

நம்மிடம் எண்ணுவதற்கான கருவி இல்லாமல் இல்லை. நாடு முழுக்கக் காவலர்கள் விபத்து நடந்த இடத்திலிருந்தே மொபைலில் விவரம் ஏற்ற 'ஐராட்' என்ற தரவுத்தளம் இருக்கிறது. வடிவமைப்பு ஐஐடி மெட்ராஸ், செயல்படுத்துவது தேசிய தகவலியல் மையம். அங்கிருந்து வரும் தகவல் ஆண்டறிக்கையில் 'கதவு திறந்ததால்' என்று ஒரு தனி வரியாக வந்தால் போதும். எந்த நகரம், எந்தச் சாலை, கேப்பா சொந்தக் காரா என்று மற்றதெல்லாம் தானாகத் தெரியவரும்.

கேமரா பிடிக்காதா?

பிடிக்காது. மின்னணு முறையில் சலான் போடுவதற்கான விதி 167ஏ, 2021 ஆகஸ்டில் வந்தது. அதிவேகம், ஹெல்மெட், சீட் பெல்ட், சிக்னல், மொபைல், தவறான பார்க்கிங் என்று கேமரா மூலம் சலான் போடக்கூடிய மீறல்களை அது பட்டியலிடுகிறது. கதவு அதில் இல்லை.

சேர்த்தாலும் பெரிய பலன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கேமரா பார்ப்பது நம்பர் பிளேட்டை, சலான் போவது ஓனருக்கு. கதவைத் திறந்தவர் ஐந்து நிமிடம் முன்பு ஆப்பில் புக் செய்த பயணி. அபராதத்தைக் கட்டப்போவது, மாதத் தவணை கட்டவே திணறும் கேப் டிரைவர். பயணிக்குத் தான் தவறு செய்தது தெரியக்கூடத் தெரியாது. இந்த விஷயத்தில் நேரில் பார்க்கும் டிராஃபிக் காவலரும், அடிபட்டவர் கொடுக்கும் புகாரும், டேஷ்கேம் அல்லது ஹெல்மெட் கேமரா வீடியோவும்தான் வேலைக்கு ஆகும்.

அபராதத்தை ஏற்றினால் சரியாகிவிடுமா?

ஏற்றுவதற்கு வழி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 210ஏ பிரிவு, அபராதங்களை 1 முதல் 10 மடங்கு வரை பெருக்கிக்கொள்ளும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தருகிறது. 177ஏ-வின் 1,000 ரூபாயை 10,000 ஆக்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2012-ல் அப்படி ஏற்றியது. மெல்போர்னில் 2010-ல் நடந்த ஒரு சைக்கிள் மரணத்துக்குப் பிறகு, உடனடி அபராதம் 141 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 352 டாலர் ஆனது. கனடாவின் ஒன்டாரியோ 2015-ல் குறைந்தபட்ச அபராதத்தை 60 கனடிய டாலரிலிருந்து 300 ஆக்கி, லைசென்ஸில் ஏறும் தண்டனைப் புள்ளிகளையும் 3 ஆக உயர்த்தியது. பணத்தைவிட லைசென்ஸ் புள்ளிதான் உறைக்கும் என்பது என் எண்ணம். 500 ரூபாயை 5,000 ஆக்கினால் வசதியுள்ளவர் கட்டிவிட்டுப் போவார், கேப் டிரைவர் கடன் வாங்குவார். ஆனால் ஒரு சலானும் போடாத ஊரில் 500-ம் 5,000-மும் ஒன்றுதான்.

அபராதத்துக்கு முந்தைய வேலையும் இருக்கிறது. நியூயார்க்கில் 2012-ல் டாக்ஸிகளின் ஜன்னலில் 'பார்' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள், இறங்கும் பயணியின் கண்ணில் படும் இடத்தில். பிரிட்டனின் ஹைவே கோட் 2022 ஜனவரியில் ஒரு பழக்கத்தைச் சேர்த்தது: கதவுக்குத் தூரமாக உள்ள கையால் கதவைத் திற. நெதர்லாந்தை வைத்து இதற்கு 'டச்சு ரீச்' என்று பெயர். நம் காரில் டிரைவர் இடக்கையால் திறக்க வேண்டும், இடப்பக்கம் உட்கார்ந்தவர் வலக்கையால். கையை அப்படி நீட்டும்போது உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்பக்கம் போகும். ஒரு வாரம் செய்து பாருங்கள், கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் இருக்கும், பிறகு பழகிவிடும்.

கேப்களில் இன்னும் எளிது.   2020-ல் வந்த ஆப் கேப் நிறுவனங்களுக்கான ஒன்றிய அரசின் வழிகாட்டுதல், டிரைவர்களுக்கு 5 நாள், 30 மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. கதவுக்கு அதில் பத்து நிமிடம் ஒதுக்க முடியாதா என்ன?

அடிபட்டவர் நீங்கள் என்றால்

"நின்ன வண்டிதானே, இன்ஷூரன்ஸ் வராது" என்று சம்பவ இடத்தில் யாராவது சொல்வார்கள். நம்ப வேண்டாம். இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பார்ப்பது, வாகனத்தின் 'பயன்பாட்டால்' விபத்து வந்ததா என்பதைத்தான். ஓடிக்கொண்டிருந்ததா என்பதை அல்ல. 1987-ல் மகாராஷ்டிரத்தில் கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்துப் பலர் இறந்த வழக்கில், அசையாமல் நிற்கும் வாகனமும் 'பயன்பாடு' என்ற சொல்லுக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் தீர்ப்பளித்தது. நகராமல் கிடந்த டேங்கருக்கே அது பொருந்தும் என்றால், ஆளை இறக்க நின்ற காருக்கு இன்னும் வலுவாகப் பொருந்தும். மூன்றாம் நபர் காப்பீடு எல்லா வண்டிக்கும் கட்டாயம் என்பதால் பணம் வர வேண்டியது இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து.

யார் தவறு என்று நிரூபிக்காமலே கேட்கும் வழியும் உண்டு. 164-வது பிரிவின்படி மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். கூடுதல் இழப்பீடு வேண்டுமென்றால் 166-வது பிரிவு. அதில் கார்க்காரரின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். நீங்களும் கவனிக்கவில்லை என்று தீர்ப்பாயம் கருதினால் அந்த அளவுக்குத் தொகை குறையும். சிகிச்சைக்கு, 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தில் 7 நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்கு இடமுண்டு.

எதற்கும் அடிப்படை, அந்த இடத்தில் நீங்கள் செய்வதுதான். வண்டி எண், திறந்திருக்கும் கதவு, எந்தப் பக்கக் கதவு, ஓரத்திலிருந்து வண்டி எவ்வளவு தள்ளி நின்றது, எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். கேப் என்றால் இறங்கிய பயணியின் பெயரையும் கேட்டு வைக்க வேண்டும், அவர்தான் முதலில் கிளம்பிப் போய்விடுவார். 112-க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். மருத்துவமனையில் சாலை விபத்து என்றே சொல்லுங்கள், 'வழுக்கி விழுந்தேன்' என்று எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. பக்கத்துக் கடை சிசிடிவி பதிவு சில நாட்களில் அழிந்துவிடும் என்பதால், அதை எடுக்கச் சொல்லிக் காவல் நிலையத்தில் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். புகாரில் 'வண்டியில் மோதினேன்' என்று எழுதாதீர்கள். 'நின்ற காரின் கதவைத் திறந்து என்னை வீழ்த்தினார்கள்' என்று எழுதி, 125, 285 பிரிவுகளைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

தீர்ப்பாயத்தில் மனுப் போட விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம்தான் என்கிறது 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம். கட்டு பிரிக்கட்டும், வலி குறையட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு அது சீக்கிரமே ஓடிவிடும்.